பச்சை அலை ஏன் வடியவில்லை? தோட்டப்புற வாக்காளர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

2022 நவம்பர் பொதுத் தேர்தல் முடிவு வந்த இரவிலிருந்து மலேசியாவின் தென் கெடாத் தோட்டப் பட்டணங்களில், கோயில் வாசலிலும் ரொட்டிச் சானாய் கடையிலும் ஒரே பேச்சுதான்: பச்சைக் கொடி பிடிக்கும் இஸ்லாமியக் கட்சியான பாஸுக்கும், அது இருக்கும் பெரிக்காத்தான் நேஷனல் கூட்டணிக்கும் இவ்வளவு ஓட்டு எங்கிருந்து வந்தது, இந்தப் பச்சை அலை நிற்குமா? படாங் செராய், லூனாஸ், பீடோங் பக்கம் திரும்பத் திரும்ப எழும் கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறோம். வெளிநாட்டு உதாரணங்களும் வரும். நம் ஊரில் நடப்பது நம் ஊருக்கு மட்டும் உரியதல்ல.

கே: மக்கள்வாதம், பழமைவாதம் இரண்டும் ஒன்றா?

இல்லை. பழமைவாதம் ஒரு கொள்கை. மதம், குடும்பம், மரபு இவை குலையக் கூடாது என்பது அதன் அடிப்படை. மக்கள்வாதம் பேசும் பாணி. நாட்டில் இரண்டே கூட்டம், ஒரு பக்கம் உழைக்கும் நேர்மையான மக்கள், மறுபக்கம் அவர்களை ஏய்க்கும் மேல்தட்டு, மக்களின் குரல் நாங்கள் மட்டுமே என்று அது பேசும். இந்தப் பாணி இடதுசாரிகளிடமும் உண்டு. அர்ஜென்டினாவின் பெரோனும் வெனிசுவேலாவின் சாவேஸும் இப்படித்தான் பேசினார்கள்.

இரண்டும் சேரும்போது மூன்றாவதாக ஓர் ஆள் உள்ளே வருகிறார்: வெளியாள். மேல்தட்டு நம்மைக் கைவிட்டு வெளியாளுக்கு விட்டுக்கொடுக்கிறது என்பதே அந்தப் பேச்சின் முழுக் கதை. அமெரிக்காவில் அந்த வெளியாள் குடியேறி. ஹங்கேரியில் அகதியும், பிரஸ்ஸல்ஸில் இருக்கும் ஐரோப்பிய ஒன்றியமும். இங்கே பெரும்பாலும் சீனர் ஆதரவு அதிகமுள்ள ஜனநாயக செயல் கட்சி (ஜ.செ.க.). ஒரு செராமாவில் (அரசியல் பேச்சுக் கூட்டத்தில்) ஊழலை மட்டும் திட்டினால் அது சாதாரண எதிர்க்கட்சிப் பேச்சு. ஊழல் செய்தவன் யாருக்காகச் செய்தான் என்று அடுத்த வாக்கியம் போனால், அங்கே அந்த மூன்றாவது ஆள் வந்துவிட்டார்.

கே: அப்படியானால் பாஸ் எந்த வகை?

1951-இல் தொடங்கிய கட்சி. 1990 முதல் கிளந்தானை ஆள்கிறது. நெடுங்காலம் அது மதப் பழமைவாதக் கட்சியாகத்தான் இருந்தது. மக்கள்வாதச் சாயம் பின்னால் ஏறியது. 2008-இல் பாஸ், அன்வார் இப்ராஹிமின் பி.கே.ஆர்., ஜ.செ.க. மூன்றும் ஒரே அணியில் நின்றன. அப்போது பாஸ் மேடைகளில் கேட்டது சமூகநலம், அனைவருக்கும் பாஸ் என்ற பேச்சு. அதற்கு முந்தைய ஆண்டு நவம்பர் 25-இல் இந்தியர் உரிமை கேட்டு ஹிண்ட்ராப் பேரணி நடந்திருந்தது. அந்தச் சூட்டில் தோட்டத்து மக்கள் பலர் பச்சைக் கொடி பிடித்தே, அன்று நாட்டை ஆண்ட தேசிய முன்னணியைத் தோற்கடித்தார்கள். இன்று பயப்படுகிற அதே தெருக்களில் அந்தக் கொடி அன்று தமிழர் கையிலும் இருந்தது. இதை மறந்துவிட்டுப் பேசுவதில் பயனில்லை.

2015-இல் அந்த அணி உடைந்தது. பாஸை விட்டு வெளியேறியவர்கள் அமானாவைத் தொடங்கினார்கள். கட்சிக்குள் மிதமாகப் பேசிக்கொண்டிருந்த ஒரு தலைமுறை அப்படியே போய்விட்டது. எஞ்சிய கட்சி திசை மாறியதற்கு இதைவிடப் பெரிய காரணம் தேட வேண்டியதில்லை.

கே: 2022-இல் திடீரென்று வந்ததா?

2018 மே மாதம் பி.கே.ஆர்., ஜ.செ.க., அமானா இருந்த நம்பிக்கைக் கூட்டணி வென்றபோதே பாஸ் தனியாக நின்று 18 நாடாளுமன்றத் தொகுதிகளைப் பிடித்திருந்தது. நாம் ஆட்சி மாற்றத்தைக் கொண்டாடிய வேகத்தில் அந்த எண்ணைக் கவனிக்கவில்லை. அடுத்த ஈராண்டில் பாஸ் மேடைக்கு வரிசையாக விஷயங்கள் கிடைத்தன. எல்லா வகை இனப் பாகுபாட்டையும் ஒழிக்கும் ஐ.நா. உடன்படிக்கையை ஏற்பதாகச் சொன்ன அரசு, எதிர்ப்பு கிளம்பியதும் பின்வாங்கியது. பின்வாங்கிய பிறகும் 2018 டிசம்பர் 8-இல் கோலாலம்பூரில் பெரும் பேரணி நடந்தது. 2019 ஏப்ரலில் அனைத்துலகக் குற்றவியல் நீதிமன்றத்தை அமைத்த ரோம் சாசனத்திலிருந்து விலகல். அதே ஆண்டு, தமிழ், சீனப் பள்ளிகளின் நான்காம் ஆண்டு மலாய்ப் பாடத்தில், அரபு எழுத்தில் மலாய் எழுதும் ஜாவி எழுத்தணி. அதில் நம் பக்கமும் கொதித்தது, மலாய்க்காரர் பக்கமும் கொதித்தது. இரண்டு பக்கமும் அரசை நம்பவில்லை.

2020 பிப்ரவரியில் அந்த ஆட்சி கவிழ்ந்து, மார்ச் 1-இல் முகிதின் பிரதமரானார். பின்னர் பெரிக்காத்தானுக்குத் தலைமை தாங்கியவர் இவர்தான். அதே மாதம் கோவிட் முடக்கம் தொடங்கியது. மாத வருமானம் 4,000 வெள்ளிக்குள் உள்ள குடும்பத்துக்கு 1,600 வெள்ளி என அறிவிக்கப்பட்டு, பணம் வங்கிக் கணக்கிலேயே விழுந்தது. தோட்டத்துக் குடும்பங்களும் வாங்கின. கம்போங்கில் (மலாய்க் கிராமத்தில்) அவருக்கு 'அபா' (அப்பா) என்ற பெயர் விழுந்தது அந்தக் காலத்தில்தான். அந்தப் பணத்தைக் கணக்கில் எடுக்காமல் 2022 முடிவை மதத்தால் மட்டும் விளக்க முயல்பவர் பாதியைத்தான் பார்க்கிறார்.

மறுபாதி அம்னோ, தேசிய முன்னணியின் முதுகெலும்பான மலாய்க் கட்சி. 2022 ஆகஸ்ட் 23-இல் அதன் முன்னாள் தலைவரும் முன்னாள் பிரதமருமான நஜிப் ஊழல் வழக்கில் சிறை சென்றார். அம்னோவின் ஊழல் வெறுத்துப்போன, ஆனால் ஜ.செ.க. இருக்கும் அணிக்குக் கை போகாத மலாய் வாக்காளருக்கு ஒதுங்க ஓர் இடம் வேண்டும். பெரிக்காத்தான் அந்த இடத்தைப் பிடித்தது. 222 தொகுதிகளில் அந்தக் கூட்டணிக்கு 70க்கும் மேல் கிடைத்தது. அதில் பாஸுக்கு மட்டும் 40க்கும் மேல். தனிக்கட்சியாக மிகப் பெரியது அதுதான்.

கே: படாங் செராயில் என்ன ஆனது? அது நம்மவர் தொகுதி அல்லவா?

2008, 2013, 2018 மூன்று முறையும் அங்கே வென்றது பி.கே.ஆர். சார்பில் நின்ற இந்திய வேட்பாளர்தான். 2022-இல் அவர்களின் வேட்பாளர் எம். கருப்பையா வாக்களிப்புக்கு மூன்று நாள் முன் காலமானார். தேர்தல் டிசம்பர் 7-க்குத் தள்ளிப்போனது. அதற்குள் மத்தியில் நம்பிக்கைக் கூட்டணியும் தேசிய முன்னணியும் கைகோத்து, ஒற்றுமை அரசு என்ற பெயரில் ஆட்சி அமைத்துவிட்டன. தேசிய முன்னணியின் ம.இ.கா. (மலேசிய இந்திய காங்கிரஸ்) வேட்பாளர் ஒதுங்குவதாக அறிவித்தார். ஆனால் வாக்குச் சீட்டில் பெயர் அச்சாகிவிட்டால் அறிவிப்பால் அது அழியாது. அவர் பெயருக்கும் ஆயிரக்கணக்கில் ஓட்டு விழுந்தது.

பெரிக்காத்தான் 16,000க்கும் மேற்பட்ட வித்தியாசத்தில் வென்றது. பட்டியலில் ஒரு லட்சத்து முப்பதாயிரத்துக்கும் மேல் வாக்காளர்கள். ஏறக்குறைய மூன்றில் ஒருவர் வரவே இல்லை. வாக்களிப்பு நாள் புதன்கிழமை. பினாங்கிலும் சிலாங்கூரிலும் வேலை செய்யும் பிள்ளைகள் நவம்பர் 19-க்கு விடுப்பு எடுத்து, பஸ் டிக்கெட் வாங்கி வந்திருந்தார்கள். இரண்டாவது தடவை யாரால் முடியும்? ஆனால் எல்லோரும் வந்திருந்தாலும் முடிவு மாறியிருக்கும் என்று அடித்துச் சொல்ல முடியாது. வராதவர்களில் எல்லா இனத்தவரும் உண்டு.

கே: இளைஞர்கள்தான் காரணம் என்கிறார்கள். எப்படித் தெரியும்? ஓட்டு ரகசியமாயிற்றே?

தனி ஆள் ஓட்டு ரகசியம். வயது வாரியான போக்கு ரகசியம் அல்ல. நம் நாட்டில் ஒரு வாக்களிப்பு மையத்துக்குள் வாக்காளரை வயதுப்படி பிரித்துத்தான் சாலுரான் (வாக்களிப்பு வரிசை) ஒதுக்குகிறார்கள். முதல் சாலுரானில் தாத்தா பாட்டிகள், கடைசிச் சாலுரானில் பதினெட்டு, இருபது வயதுக்காரர்கள். எண்ணுவதும் சாலுரான் வாரியாகவே. எண்ணி முடித்ததும் ஒவ்வொரு சாலுரானுக்கும் போராங் 14 என்ற படிவம் நிரப்பி, முகவர்கள் கையெழுத்திட்டு, ஆளுக்கொரு பிரதி வாங்குவார்கள். அந்தத் தாள்களை வரிசையாக அடுக்கினாலே கதை தெரியும்.

கற்பனையாக ஒரு பள்ளியை எடுத்துக்கொள்வோம். ஆறு சாலுரான், மலாய் வாக்காளர் பெரும்பான்மை. முதல் சாலுரானில் தேசிய முன்னணி முன்னணியில் இருக்கிறது. மூன்றாவதில் இழுபறி. ஐந்தாவதிலும் ஆறாவதிலும் பெரிக்காத்தான் இரட்டிப்பு ஓட்டு. இப்படி ஒரே தொகுதியின் பல பள்ளிகளில் திரும்பத் திரும்ப வந்தால் அது தற்செயல் அல்ல.

இதில் பலரும் தவறுவது எங்கே என்றால், 2018-இன் ஆறாவது சாலுரானை 2022-இன் ஆறாவது சாலுரானோடு நேராக ஒப்பிடுவதில். 18 வயது வாக்குரிமையும் தானியங்கிப் பதிவும் 2021 டிசம்பர் 15 முதல் நடைமுறைக்கு வந்தன. வாக்காளர் எண்ணிக்கை ஏறக்குறைய 1 கோடியே 49 லட்சத்திலிருந்து 2 கோடியே 11 லட்சமானது. கீழே புதியவர்கள் வந்து சேர்ந்ததால் வயதுக் கோடு முழுக்க நகர்ந்துவிட்டது. சாலுரான் எண்ணை விட்டுவிட்டு, அதன் பிறந்த ஆண்டு வரம்பைப் பார்த்து ஒப்பிட வேண்டும். அடுத்தது, அஞ்சல் ஓட்டும் முன்கூட்டிய ஓட்டும் இதில் வராது. போலீஸ், ராணுவக் குடியிருப்பு உள்ள தொகுதியில் அது சிறிய எண் அல்ல. தோட்டத்துத் தமிழ்ப்பள்ளி மையங்களில் சில இடங்களில் ஒன்றோ இரண்டோ சாலுரான்தான் இருக்கும். அங்கே வயதைப் பிரித்துப் பார்க்க வழியே இல்லை.

கே: டிக்டாக்தான் எல்லாம் செய்ததா?

டிக்டாக் அகப்பைதான். சட்டி வேறு இடத்தில் இருந்தது. பாஸின் மழலையர் பள்ளியான பாஸ்தி 1980களிலிருந்து கம்போங் கம்போங்காக நடக்கிறது. குறைந்த கட்டணம், வீட்டுக்கு அருகில், தெரிந்த ஆசிரியை. சூராவில் (சிறு தொழுகைக் கூடத்தில்) வாராந்திரப் பாடம். வெள்ளம் வந்தால் படகும் சோற்றுப் பொட்டலமும். சாவு வீட்டில் முதலில் வந்து நிற்கும் நாலு பேர். ஒரு பிள்ளை நாலு வயதில் பாஸ்திக்குப் போய்ப் பதினெட்டு வயதில் ஓட்டுப் போட வரும்போது, அவனுக்கு அந்தக் கட்சி விளம்பரத்தில் பார்த்த கட்சி அல்ல. டிக்டாக் அவனிடம் ஒரு நிமிடச் செராமாத் துண்டைக் கொண்டுபோய்ச் சேர்த்தது, அவ்வளவுதான்.

நம் பக்கத்து ஒப்பீடு கசப்பானது. தோட்டம் இருந்தபோது ம.இ.கா. கிளை, தொழிற்சங்கம், கோயில் கமிட்டி, படிப்பகம் எல்லாம் ஒரே லயத்துக்குள் இருந்தன. தோட்டங்கள் துண்டாடப்பட்டு, மக்கள் வீடமைப்புத் தாமான்களுக்கும் மலிவு விலை அடுக்குமாடிக்கும் சிதறியபோது, கோயில் கமிட்டி தவிர மற்றதெல்லாம் கரைந்தது. இன்று தேர்தலுக்குத் தேர்தல் வந்து அரிசி மூட்டை கொடுப்பதைக் களப்பணி என்று அழைக்கிறோம்.

கே: வெளிநாட்டிலும் இப்படி அமைப்பால்தான் நிற்கின்றனவா?

எல்லாம் ஒரே மாதிரி இல்லை. இந்தியாவில் பா.ஜ.க. 1984-இல் 2 இடம், 2014-இல் 282 இடம். இடையில் இருந்தது 1925-இல் தொடங்கிய ஆர்.எஸ்.எஸ். கிளைகளின் பலம். பிரான்சில் லெ பென் குடும்பத்தின் கட்சி இத்தனை பெரிய அடித்தளம் இல்லாமலே வளர்ந்தது. அதிபர் தேர்தலின் இரண்டாம் சுற்றில் 2002-இல் தந்தைக்கு 18 விழுக்காடு அளவில் கிடைத்தது. 2017-இல் மகளுக்கு 34, 2022-இல் 41க்கும் மேல். பெயரை மாற்றி, பேச்சை மென்மையாக்கி, விலைவாசியை முன்னே வைத்து அந்த இடத்துக்கு வந்தார்கள்.

போலந்தில் பணம் வேலை செய்தது. 2015-இல் வென்ற சட்டம் மற்றும் நீதிக் கட்சி, 2016 முதல் பிள்ளைக்கு மாதம் 500 ஸ்லோட்டி கொடுத்தது. முதலில் இரண்டாவது பிள்ளையிலிருந்து, பிறகு 2019-இல் எல்லாப் பிள்ளைகளுக்கும். சொன்னபடி பணம் வந்ததால் மற்ற வாக்குறுதிகளையும் மக்கள் நம்பினார்கள். அந்தத் திட்டத்தை ரத்து செய்வேன் என்று சொல்லும் துணிவு எதிர்க்கட்சிக்கும் வரவில்லை.

ஹங்கேரியில் விதியே மாறியது. 2010-இல் ஓர்பானின் கட்சி 53 விழுக்காடு அளவில் வாங்கி மூன்றில் இரண்டு பங்கு இடம் பிடித்தது. அந்தப் பலத்தை வைத்துப் புதிய அரசியலமைப்பும் புதிய தேர்தல் சட்டமும் வந்தன, உறுப்பினர் எண்ணிக்கை 386-இலிருந்து 199 ஆனது. 2014-இல் 45 விழுக்காடே வாங்கியும் மறுபடி மூன்றில் இரண்டு பங்கு.

கே: இங்கும் தேர்தல் கணக்கு அவர்களுக்குச் சாதகமா?

கிராமத்துக்குச் சாதகம். கிராமத்தை யார் பிடிக்கிறார்களோ அவர்களுக்குச் சாதகம். 2022-இல் பாங்கி தொகுதியில் மூன்று லட்சத்துக்கும் மேல் வாக்காளர். சரவாக்கின் இகானில் 28 ஆயிரம் சொச்சம். இரண்டும் ஆளுக்கு ஓர் உறுப்பினரையே அனுப்பின. முன்பு அம்னோ அனுபவித்த சலுகை இது. தீபகற்பத்தில் இப்போது கை மாறியிருக்கிறது. அதோடு, ஒரு தொகுதியில் அதிக ஓட்டு வாங்கியவரே வெற்றி என்ற முறையில் பரவலான ஆதரவு சட்டென்று சுத்தமான வெற்றியாகிவிடும். 2023 ஆகஸ்ட் 12 கெடா சட்டமன்றத் தேர்தலில் 36-இல் 33 பெரிக்காத்தானுக்குப் போனது இப்படித்தான். 36-இல் 33 என்றால் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் அவர்கள் பக்கம் என்று பொருளல்ல.

கே: மாநில ஆட்சி அவர்களிடம் இருந்தால் தமிழ்ப்பள்ளியை மூட முடியுமா?

முடியாது. கல்வி மத்திய அரசின் அதிகாரம். தாய்மொழிப் பள்ளிகள் 1996 கல்விச் சட்டத்தின் கீழ் இயங்குகின்றன. அவை அரசியலமைப்புக்கு விரோதம் என்று தொடுத்த வழக்கை உயர்நீதிமன்றம் 2021 டிசம்பரில் தள்ளுபடி செய்தது. மேல்முறையீட்டு நீதிமன்றம் 2023 நவம்பரில் அதை உறுதி செய்தது.

மாநிலத்தின் கையில் இருப்பது நிலம், ஊராட்சி, வியாபார உரிமங்கள், மாநில விடுமுறை. 2021-இல் கெடா மந்திரி புசார் (மாநில முதல்வர்) தைப்பூசச் சிறப்பு விடுமுறையை, கோவிட் கட்டுப்பாட்டைக் காரணம் காட்டி, ரத்து செய்தார். விடுமுறை கெஜட்டில் இல்லாமல் ஆண்டுதோறும் அறிவிப்பால் வந்துகொண்டிருந்ததால் அது ஒரு வாக்கியத்தில் போய்விட்டது.

கோயில் நிலமும் அதே மாதிரிதான். தோட்ட மேனேஜர் எந்தக் காலத்திலோ கொடுத்த கடிதம், நிலம் கைமாறிய மறுநாள் வெறும் காகிதம். முதலில் நில அலுவலகத்தில் தேடல் சான்று எடுத்து, கோயில் நிற்கும் துண்டு யார் பெயரில் என்று பாருங்கள். அரசு நிலமாக இருந்தால் தேசிய நிலச் சட்டம் 62-ஆவது பிரிவின்படி வழிபாட்டு ரிசர்வாக ஒதுக்க மாநில அரசிடம் விண்ணப்பிக்கலாம். கம்பெனி நிலமாக இருந்தால் விற்பதற்கு முன்பே அந்தத் துண்டைத் தனிப் பட்டாவாகப் பிரித்து வாங்க வேண்டும். விற்பனைக்குப் பின் நாம் கேட்பது தயவு. விண்ணப்பிக்கும் கமிட்டி சங்கப் பதிவிலாகாவில் பதிவாகி, ஆண்டறிக்கை ஒழுங்காக அனுப்பியிருக்க வேண்டும். பல கோயில்கள் சறுக்குவது கடைசி அம்சத்தில்தான். இரண்டு கோஷ்டி, ஒரு கோயில், பத்து வருடமாகப் பொதுக்கூட்டம் இல்லை.

'குயில் ஹாராம்' (சட்டவிரோதக் கோயில்) என்று ஒரு வீடியோ பரவும்போது பதில் வீடியோ போடுவதைவிட இந்தக் கோப்பு பலமான பதில்.

கே: ஏழ்மைதானே அவர்களை அங்கே தள்ளுகிறது? பொருளாதாரம் சரியானால் போய்விடுமா?

ஏழ்மை மட்டும் என்றால் தோட்டத்துத் தமிழர்தான் முதலில் போயிருக்க வேண்டும். ஏழ்மையோடு அவமான உணர்வும் சேர வேண்டும்: நாடு நம்முடையது, ஆனால் நமக்கு மரியாதை இல்லை என்ற எண்ணம். டிப்ளோமா முடித்து உணவு விநியோகம் செய்யும் சுங்கை பட்டாணி இளைஞனுக்கு அந்த எண்ணம் வர ஒரு செராமா போதும். அதே சமயம் விலைவாசி சும்மா இருப்பதில்லை. 2024 ஜூன் 10-இல் தீபகற்பத்தில் டீசல் 2 வெள்ளி 15 காசிலிருந்து 3 வெள்ளி 35 காசானது. பெரிய கட்சிகள் ஏறக்குறைய எல்லாம் அரசுக்குள் இருக்கும்போது, கோபப்பட்டவன் போய் நிற்க எதிரணியில் ஒரே ஒரு கடைதான் திறந்திருக்கிறது. ஒற்றுமை அரசின் விலை இது. வேறு வழி இருந்ததா என்பது தனி விவாதம்.

கே: ஒரு தேர்தலில் தோற்றால் இவை கரைந்துவிடும் அல்லவா?

டிரம்ப் 2020-இல் தோற்று 2024-இல் திரும்பி வந்தார். போலந்தில் 2023-இல் 74 விழுக்காட்டினர் திரண்டு வந்து வாக்களித்ததில் சட்டம் மற்றும் நீதிக் கட்சியின் அரசு மாறியது. 2025-இல் அதே கட்சி ஆதரித்தவர் நூலிழையில் அதிபரானார். பிரேசிலில் 2022-இல் பொல்சொனாரோ தோற்றபோதும் 49 விழுக்காடு அவர் பக்கம். தோல்வி ஆட்சியை மாற்றும். அந்த 49 பேர் அதே தெருவில்தான் குடியிருப்பார்கள்.

கே: நம்மிடம் இந்த வியாதி இல்லையே?

உண்டு. ஒரே தலைவர்தான் இனத்தைக் காப்பார் என்ற நம்பிக்கை, கேள்வி கேட்டவனுக்குத் துரோகி பட்டம், தோட்டத்தில் வேலை செய்யும் வங்காளதேசியையும் இந்தோனேசியரையும் பற்றிப் புலனக் குழுவில் பரவும் பேச்சு. மக்கள், மேல்தட்டு, வெளியாள் என்ற முக்கோணம் அதேதான், ஆள்கள் வேறு.

கே: கிள்ளானுக்குக் குடிபோய்விட்டேன். ஓட்டு இன்னும் பழைய தோட்டத்தில் இருக்கிறது. என்ன செய்வது?

தானியங்கிப் பதிவு மைகாட் (அடையாள அட்டை) முகவரியை வைத்தே உங்களைத் தொகுதியில் போட்டது. தேசியப் பதிவிலாகாவில் மைகாட் முகவரியை மாற்றுங்கள். பிறகு தேர்தல் ஆணையத்தின் மைஎஸ்பிஆர் டாஃப்தார் இணையத்தளம் வழியாகத் தொகுதி மாற்றத்துக்குத் தனியாக விண்ணப்பியுங்கள். முதல் படியோடு நின்றுவிட்டு, வாக்களிப்பு நாளில் வந்து ஏமாறுபவர்கள் நிறைய. தேர்தல் அறிவித்த பிறகு எதுவும் மாறாது, இப்போதே செய்ய வேண்டும். மாற்ற விருப்பமில்லை என்றால் அதுவும் நியாயமே, கெடாவில் உங்கள் ஓட்டு கிள்ளானைவிட எடை கூடியதாக இருக்கலாம். வந்து போடத் தயார் என்றால் மட்டும்.

கே: பாஸ் ஆதரவாளர் பேரவையில் தமிழர்கள் இருக்கிறார்களே. ஏமாளிகளா?

அப்படிச் சொல்வது சுலபம். அந்தப் பேரவை முஸ்லிம் அல்லாதவர்களுக்கானது. அதில் இருப்பவர்கள் மந்திரி புசார் அலுவலகத்துக்குக் கடிதம் கொண்டுபோகிறார்கள், சுடுகாட்டுக்கு வேலி, கோயிலுக்குத் தண்ணீர் இணைப்பு வாங்கித் தருகிறார்கள். ஆளும் கட்சியின் வாசலில் நம்மாள் ஒருவர் நிற்பது ஊருக்கு உதவும், ம.இ.கா.வும் அறுபது வருடம் அதைத்தான் செய்தது. ஆனால் பாஸில் முழு உறுப்பினர் தகுதி முஸ்லிம்களுக்கு மட்டும். கொள்கை முடிவாகும் மாநாட்டில் இவர்கள் கை எண்ணப்படுவதில்லை. வேலிக்கும் தண்ணீருக்கும் அவரிடம் போங்கள். நிலப் பட்டாவுக்கு வழக்கறிஞரோடு நில அலுவலகம் போங்கள்.